நண்டுமேடு – வழி: துபாய்

அன்னக்கூடையின் மூடியைத் திறந்து பார்த்த சலீமா பீவி முகம் சுளிக்கவில்லை. அதுதான் பூவம்மாளுக்குச் சரியாகப் படவில்லை. இத்தனை வருஷமாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது என்ன மீனா கருவாடா என்று கேட்டு, விலையைப் பாதியாக்கிச் சண்டை போட்டு வாங்குகிற மனுஷி, இன்றைக்கு விலைகூடக் கேட்காமல் மூடியைத் திரும்ப மூடினாள்.

"மணி பன்னெண்டு ஆவப்போவுது பூவு. உலை எறக்கியாச்சி. பாரு, மடவை மீனுக்குக் கண்ணெல்லாம் செவந்துபோச்சி."

"நான் இன்னா பாயம்மா பண்ணுவேன்? அஞ்சே முக்கா வண்டிய நிறுத்திப்புட்டானுவோ. கிள்ளை ரோடு வரைக்கும் இத்தத் தூக்கிக்கிட்டு நடந்து, அங்க ஷேர் ஆட்டோ புடிச்சி, செதம்பரம் வந்து, அப்புறம் இந்த லால்பேட்ட வண்டி..."

அஞ்சே முக்கால் வண்டி என்பது நண்டுமேட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே டவுன் பஸ். அது இருந்தவரை, விடியலில் கரைக்கு வந்த மீன் எட்டு மணிக்கெல்லாம் லால்பேட்டை அடுப்பில் ஏறிவிடும். பேட்டையில் ஒரு தெரு முழுக்கப் பூவம்மாளின் தெரு. அவள் குரல் கேட்டுத்தான் அங்கே புளி கரைப்பார்கள். இப்போது அந்தத் தெருவில் டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவன் ஆரன் அடித்துக்கொண்டு வருகிறான். வண்டி திரும்ப வராவிட்டால் தெரு அவன் கைக்குப் போய்விடும். தெரு போனால் பூவம்மாளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"மனு கினு குடுத்தியா?"

"குடுக்காம? கடலூருக்குத் திங்கக்கெழம திங்கக்கெழம போயி வரிசையில நின்னேன். சீல் குத்தி வாங்கி வச்சிக்கிட்டாங்க. அது அங்க தூங்குது, நான் இங்க நடக்குறேன்."

சலீமா பீவி சிரித்தாள். "கையில கொண்டுபோயி குடுக்குற மனுவ இந்தக் காலத்துல யாரு படிக்கிறா? ஆன்லைன்ல போடணும். எங்க தெரு சாக்கடை மூணு மாசமா தேங்கிக் கெடந்துச்சில்ல? எம்புள்ள ஆசிக்கு துபாயிலேருந்து ஒரு தட்டுதான் தட்டுனான். நாலாம் நாளு ஆளுங்க மம்பட்டியோட வந்து நிக்கிறாங்க."

பூவம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. "துபாயிலேருந்தா?"

"அங்க கம்ப்யூட்டரு ஆபீஸ்லதான புள்ள இருக்கு. ஏசி ரூமு. ஒக்காந்த எடத்துலேருந்து ஒலகத்தையே பாக்கலாமாம்."

கடலூர் எங்கே, துபாய் எங்கே? பஸ் ஏறிப் போய் நேரில் நின்று கும்பிட்ட மனுவுக்குக் கண் திறக்காத ஆபீஸ், கடல் தாண்டி ஒரு பையன் விரலால் தட்டினால் எழுந்து உட்காருகிறது! பூவம்மாள் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு நெருங்கி வந்தாள்.

"பாயம்மா, எனக்கும் ஒரு தட்டு தட்டச் சொல்லேன்."

சலீமா பீவி மிஸ்டு கால் விட்டாள். கொஞ்ச நேரத்தில் துபாய் கூப்பிட்டது. தூரம் அதிகம் என்பதால் பூவம்மாள் அதற்கேற்ற குரலில் பேசினாள். தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது.

"கத்தாதீங்கக்கா, நல்லா கேக்குது," என்றான் முஹம்மது ஆசிக். "ஊரு பேரு, வண்டி நேரம் எல்லாம் சொல்லுங்க. வெள்ளிக்கெழம போட்டு வுடுறேன்."

"இன்னிக்கே தட்ட முடியாதா தம்பி?"

"இல்லக்கா. வெள்ளிக்கெழமதான்."

சலீமா பீவி போனை வாங்கி வைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னாள். "ஜும்ஆ நாளு பாரு. நல்ல காரியத்த எம்புள்ள அன்னிக்குத்தான் செய்யும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது புருஷன் பச்சமுத்து பீடியைக் கூட எடுக்காமல் சிரித்தான். "துபாயில தட்டுனா நண்டுமேட்டுல வண்டி வருமா? போடி, போயி கொழம்ப வையி."

வண்டி வந்தது.

பத்து நாள் கூட ஆகவில்லை. ஊர் எல்லையில் ஆரன் சத்தம் கேட்டு, பிள்ளைகள் எல்லாம் ஓட, பூவம்மாளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். நிஜமாகவே டவுன் பஸ். நிஜமாகவே கண்டக்டர். புளியமரத்தைச் சுற்றித் திரும்பி நின்று உறுமியது. அதன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தால் என்ன என்றிருந்தது அவளுக்கு. அவ்வளவு பிரமிப்பு.

"இனிமே தெனம் வருமா சார்?"

"தெனம் வரும்மா. மத்தியானம் ரெண்டே கால்."

"காலையில?"

"காலையில ஏது? வண்டி வேணும்னு மனு, வண்டி வந்துடுச்சி."

மத்தியானம் இரண்டே காலுக்கு மீனைத் தூக்கிக்கொண்டு போனால் பூனை கூட வாங்காது. அதோடு போயிற்றா? இல்லை. ஊருக்குப் பஸ் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட ஷேர் ஆட்டோக்காரன், இனி இந்தப் பக்கம் சவாரி தேறாது என்று புவனகிரி ரூட்டுக்கு மாறிவிட்டான். முன்பு கிள்ளை ரோட்டில் அந்த ஆட்டோவாவது கிடைத்தது. இப்போது அதுவும் இல்லை.

"கேக்குறத ஒழுங்கா கேக்கணும்," என்றான் பச்சமுத்து. இப்போது அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

மறு வெள்ளிக்கிழமை ஆசிக் இரண்டாவது தட்டு தட்டினான். இந்த முறை நேரத்தைத் தெளிவாகச் சொல்லி, அஞ்சே முக்கால், அஞ்சே முக்கால் என்று போனில் ஜெபம் செய்தாள் பூவம்மாள்.

அதற்கு ஜீப்பிலேயே ஆபீசர் வந்துவிட்டார். நண்டுமேட்டுக்கு ஜீப் வந்தால் ஒன்று ஓட்டு, இல்லை புயல். ஊர்த் தலைவர் கொளஞ்சியப்பன் துண்டை இடுப்பில் கட்டுவதா தோளில் போடுவதா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க பூவம்மாள் யாரு?"

"நாந்தாங்கய்யா."

ஆபீசர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அன்னக்கூடையையும் பார்த்தார். "துபாய் முஹம்மது ஆசிக் உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"நான் மீன் குடுக்குற வூட்டுப் புள்ளைங்கய்யா."

"அங்க அவரு என்னவா இருக்காரு?"

"கம்ப்யூட்டரு ஆபீஸ்ல இருக்காருங்க. ஏசி ரூமு."

"அதான பார்த்தேன்," என்று ஆபீசர் கொளஞ்சியப்பனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "பேப்பர் மனுன்னா அதும்பாட்டுக்கு பீரோவுல கெடக்கும். இது அப்பிடி இல்லைங்க. நம்பரோட வருது. பதில் போடுற வரைக்கும் மேலேருந்து பார்த்துக்கிட்டே இருக்காங்க. அதுவும் வெளிநாட்டுலேருந்துன்னா, பெரிய ஆளு யாராச்சும் இருந்து தொலைச்சா?"

அவர் போன பிறகு கொளஞ்சியப்பன் கையிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பூவம்மாளிடம் பேசினார். வாழ்நாளில் முதல் தடவை.

"ஏ பூவு, அப்பிடியே அந்தத் தம்பிகிட்ட நம்ம ஊரு தண்ணி டேங்கு பத்தியும் ஒரு வார்த்த..."

பச்சமுத்து அன்று ராத்திரி மனைவிக்கு மீனில் நடுத்துண்டை எடுத்து வைத்தான். துபாயில் கை இருக்கிற பெண்டாட்டியிடம் கொஞ்சம் பார்த்துத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

அஞ்சே முக்காலுக்கே வண்டி வந்தது. புத்தம் புது வண்டி! மெத்தை சீட்டு, கண்ணாடி ஜன்னல், உள்ளே சின்னதாக ஒரு சாமி படத்துக்குப் பச்சை விளக்கு. இருட்டில் அது ஊருக்குள் நுழைந்தபோது தேர் வருகிற மாதிரி இருந்தது. பூவம்மாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்னக்கூடையைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

"எறக்கு, எறக்கு!" என்றார் கண்டக்டர். "மெத்தை சீட்டு வண்டிம்மா இது. மீனெல்லாம் ஏத்தக்கூடாது. நாத்தம் போவாது."

"ஐயா, இது நான் தட்டச் சொன்ன வண்டி!"

"நீ தட்டுனியோ கொட்டுனியோ. எறக்கும்மா."

காலேஜ் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், சும்மா டவுன் பார்க்கப் போகிறவர்களும் மெத்தையில் சாய்ந்துகொண்டு பூவம்மாளுக்கு ஜன்னல் வழியாக டாட்டா காட்டினார்கள். நன்றியோடுதான் காட்டினார்கள். அவள் கூடையோடு கிள்ளை ரோட்டை நோக்கி நடந்தாள். அங்கே ஆட்டோவும் இல்லாததால், வழியில் போன ஒரு டிராக்டரில் கெஞ்சி ஏறிக்கொண்டாள்.

லால்பேட்டை போய்ச் சேர்ந்தபோது, சலீமா பீவியின் சமையற்கட்டிலிருந்து வஞ்சிரம் வறுக்கிற வாசம் வந்தது. அது பூவம்மாள் கொடுத்த வஞ்சிரம் இல்லை. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சலீமா பீவி வெளியே வந்து, கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "மருமவன் வந்திருக்காரு பூவு. எத்தன மணி வரைக்கும் பாக்குறது சொல்லு? டி.வி.எஸ். காரன்கிட்ட இந்த ஒரு தடவதான்..."

"பரவால்ல பாயம்மா. மருமவன் சாப்பிடட்டும்."

"கோவிச்சிக்காதடி."

"எனக்கு இன்னா கோவம்? எம்மேலதான் கோவம்." பூவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தம்பியத் திரும்ப ஒரு தட்டு தட்டச் சொல்லு. மீன் ஏத்துற மாதிரி."

மூன்றாவது தட்டின் பலன், அவள் கேட்டதைவிட ஜாஸ்தியாகவே வந்தது. மெத்தை வண்டி போய்ப் பழைய வண்டி வந்தது. கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூடை வைக்க மேடை போட்டிருந்தார்கள். கண்டக்டரே இறங்கி வந்து, "வைங்கம்மா, வைங்க," என்று கை கொடுத்துத் தூக்கினார். வேறு ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டில் கூட இப்படி உபசரிக்க மாட்டார்கள். பூவம்மாளுக்குக் கூச்சமாகிவிட்டது.

வண்டி சிதம்பரம் எல்லைக்குள் நுழைந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக மீன் மார்க்கெட் வாசலில் போய் நின்றது.

"எறங்கு, எறங்கு, கடைசி ஸ்டாப்பு!"

"பஸ் ஸ்டாண்டு?"

"மீன்காரங்களுக்காக வுட்ட வண்டி மீன் மார்க்கெட்டுக்குத்தான போவும்? ஆர்டரு அப்பிடி."

மீன் மார்க்கெட் சேற்றில் வெள்ளைச் சுடிதாரோடு இறங்கிய காலேஜ் பெண்கள் பூவம்மாளைப் பார்த்த பார்வையில் மீனே வெந்துவிடும். மூட்டு வலிக்கு ஊசி போடப் போன தைலம்மாள் கிழவி அவளைப் பெயர் சொல்லியே திட்டினாள். அங்கிருந்து கூடையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவதற்குள் லால்பேட்டை வண்டி போய்விட்டிருந்தது.

சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது.

"நமக்கு வண்டியில்லாதப்ப கூட நிம்மதியா இருந்தோம்," என்றார் கொளஞ்சியப்பன். தண்ணி டேங்கு பற்றி இன்னும் பதில் வராத கோபம் வேறு. "இவ துபாய்ல தட்டுறா, இங்க நம்ம தலையில விழுது. ஏ பச்சமுத்து, உம் பொண்டாட்டிகிட்ட சொல்லி வையி. அடுத்த தடவ தட்டுனா ஊரே கடலுக்குள்ள போயிடும்."

"அவளுக்குப் பஸ்சு இல்லன்னா பொழப்பு இல்லைங்க," என்றான் பச்சமுத்து. அவன் அவளுக்காகப் பேசியதும் வாழ்நாளில் முதல் தடவைதான். "அந்தத் தெருவ வுட்டா அவ எங்க போவா? ஒரே ஒரு தட்டு. இதான் கடைசி."

ஊர் யோசித்தது. கடைசியில், மனுவின் வாசகத்தை ஊரே சேர்ந்து சொல்வது என்று முடிவாயிற்று. மறுநாள் லால்பேட்டையில் சலீமா பீவி போனை உயர்த்திப் பிடிக்க, பூவம்மாள் மனப்பாடமாக ஒப்பித்தாள். "காலையில அஞ்சே முக்காலுக்கு, எல்லாரும் ஏறலாம், மீனும் ஏறலாம், மார்க்கெட்டுக்குப் போவ வேணாம், பஸ் ஸ்டாண்டுக்கே போவணும். அம்புட்டுதான் தம்பி. வேற ஒண்ணும் சேக்க வேணாம்."

அந்தப் பக்கம் ஆசிக் சிரிப்பது கேட்டது. பின்னால் ஏதோ இரும்பு விழுகிற சத்தமும், யாரோ அதட்டுகிற சத்தமும் கேட்டன.

"சரிக்கா. வச்சிடுறேன், மேனேஜர் கூப்புடுறாரு."

"பாவம், எவ்வளவு வேலையோ புள்ளைக்கு," என்றாள் சலீமா பீவி.

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வெள்ளியும் போயிற்று. அதற்கு மறுநாள், பூவம்மாள் லால்பேட்டையில் சலீமா பீவி வீட்டில் இருந்தபோது ஆசிக் அவனாகவே கூப்பிட்டான். ஆர்டர் போட்டுவிட்டார்கள். கேட்டபடியே எல்லாம். ஆனால் ஆர்டர் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பூவம்மாள் கையில் காகிதம் இருந்தால்தான் கண்டக்டர் நம்புவார். சிதம்பரத்தில் சின்னையன் என்று ஒருவர் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறார். அவரிடம் போனால் பிரிண்ட் எடுத்துத் தருவார்.

"துபாயிலேருந்து செதம்பரத்துக்குக் காயிதம் எப்ப தம்பி வந்து சேரும்?"

"நீங்க போறதுக்குள்ள வந்துடும்க்கா."

அந்தக் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தினமும் அவள் கூடையோடு கடந்து போகிற சந்துதான். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள். பலகைத் தடுப்புகளுக்குத் திரை போட்டிருந்தது. அந்தத் திரைகளுக்குப் பின்னால் என்னென்ன நாடுகள் இருக்கின்றனவோ என்று நினைத்தபடி, அவற்றில் படாமல் ஒதுங்கி நடந்தாள்.

சின்னையன் என்கிற இளைஞன் மின்விசிறி சுற்றாத அறையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கரண்டு இல்லம்மா. ஒக்காருங்க, வந்துடும்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கரண்ட் வந்தது. பெட்டி ஒன்று மெல்ல வெளிச்சமானது. சின்னையன் என்னவோ தட்டினான். பக்கத்திலிருந்த இன்னொரு பெட்டி முனகி, சரசரவென்று ஒரு காகிதத்தை நீட்டியது.

பூவம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதும் திடுக்கிட்டாள்.

"சூடா இருக்கே!"

"ஆமாம்மா."

"துபாயி வெயிலு!" அவள் காகிதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "கடலெல்லாம் தாண்டி வந்திருக்கு, இன்னும் சூடு ஆறல பாரேன்!"

சின்னையன் சிரிக்கப் போய், சிரிக்காமல் விட்டான். "படிச்சிக் காட்டட்டுமா?" என்று கேட்டுப் படித்தான். நண்டுமேடு, காலை அஞ்சே முக்கால், அனைத்துப் பயணிகள், மீன் கூடைகள் அனுமதி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். திங்கட்கிழமை முதல். எல்லாம் இருந்தது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பூவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய தெரு அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு சலீமா பீவி செவுளைத் தூக்கிப் பார்த்து, இது என்ன மீனா கருவாடா என்று கேட்பாள். அந்தத் திட்டைக் கேட்க அவள் காது ஏங்கியது.

"தம்பி, ஆசிக்கு இந்தப் பொட்டி வழியாத்தான பாக்குறாரு?"

"அது வந்தும்மா..."

அவள் காத்திருக்கவில்லை. எழுந்து நின்று, காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வெளிச்சமாக இருந்த பெட்டிக்கு நேராகக் கைகூப்பினாள். "மகராசனா இருக்கணும் தம்பி. ஏசி ரூமுல ஒக்காந்துக்கிட்டு, எங்கியோ கெடக்குற மீன்காரிக்காக வண்டியத் திருப்பி வுட்டியே! நீ தட்டுற கையி நல்லா இருக்கணும். உங்கம்மாகிட்ட போயி சொல்றேன், லால்பேட்ட முழுக்க சொல்றேன், உன்ன மாதிரி ஒரு கம்ப்யூட்டரு புள்ள ஒலகத்துலயே இல்லன்னு!"

சின்னையன் எழுந்தான். போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"லால்பேட்டையில மட்டும் மூச்சு வுட்டுடாதீங்கம்மா. ஆசிக்கு அங்க வெயில்ல கட்டடத்துக்குக் கம்பி கட்டுறான், கம்ப்யூட்டரத் தொட்டதே கெடையாது. வெள்ளிக்கெழம லீவு நாள்ல எனக்குப் போனப் போட்டு அவன் சொல்லச் சொல்ல, நான்தான் இதோ இங்க ஒக்காந்து தட்டி வுடுறேன்."